போருக்குப் பின் யாழ்ப்பாணத்து மருத்துவமனைகள்

பிரிக்பீல்ட்ஸ், பங்சார் வட்டாரத்தின் பழைய குடும்பங்கள் பலவற்றுக்கு யாழ்ப்பாணமே பூர்வீகம். ஆங்கிலேயர் காலத்தில் இரயில்வே எழுத்தர்களாகவும் தோட்டத்து மருத்துவமனை டிரெசர்களாகவும் மலாயாவுக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் அவர்கள். நம் தோட்டத்து மக்களுக்கு மருந்து கொடுத்த கைகளில் பல அங்கிருந்து வந்தவைதாம். அந்த மண்ணின் மருத்துவத்துக்குப் போர் என்ன செய்தது, பிறகு அது எப்படி மீண்டது என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் மேலை மருத்துவம் தமிழிலேயே கற்பிக்கப்பட்டது என்பது மொழிக் கழகத்தார்க்கு மகிழ்ச்சி தரும் செய்தி. 1847இல் அங்கு வந்த அமெரிக்க மிஷனரி மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனை நடத்தியதோடு அறுபதுக்கும் மேற்பட்டோரை மருத்துவர்களாகப் பயிற்றுவித்தார். 'அங்காதிபாதம்', 'இரணவைத்தியம்' என்ற பெயர்களில் மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். அறிவியலைத் தமிழில் கற்க முடியுமா என்று இன்றும் பட்டிமன்றம் நடத்துகிறோமே!

இத்தகைய மரபுடைய ஊரில்தான் 1983 முதல் 2009 வரை போர் நடந்தது. 1987 அக்டோபரில் இந்திய அமைதிப்படையினர் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள் புகுந்து சுட்டதில் மருத்துவர், தாதியர், நோயாளிகள் என ஏறத்தாழ எழுபது பேர் மாண்டனர். 1990இல் செஞ்சிலுவைச் சங்கம் அம்மருத்துவமனையைத் தன் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு ஏ9 நெடுஞ்சாலை மூடப்பட்டது, மின்சாரமும் நின்றது. மருந்துகள் கப்பலில் வர வேண்டியிருந்தது. 2009இல் வன்னியில் நிலைமை இன்னும் மோசம். புதுக்குடியிருப்பு மருத்துவமனை எறிகணைகளுக்கு இலக்கானது. முள்ளிவாய்க்காலில் கிடைத்த கட்டடமே மருத்துவமனையாயிற்று. அங்கு எஞ்சியிருந்த ஒருசில அரசு மருத்துவர்கள் போர் முடிந்ததும் தடுத்து வைக்கப்பட்டனர். அவர்களுள் ஒருவரான மருத்துவர் த. சத்தியமூர்த்தி பின்னாளில் யாழ்ப்பாணப் போதனா மருத்துவமனையின் பணிப்பாளரானார்.

கட்டடம் எழுப்புவது எளிது. நிதி கிடைத்தால் ஓரிரு ஆண்டுகளில் எழும்பிவிடும். தெல்லிப்பழை புற்றுநோய் மருத்துவமனை அப்படித்தான் எழுந்தது. 2011இல் தென்கோடியான தெய்வேந்திரமுனையிலிருந்து வடகோடியான பருத்தித்துறை வரை 27 நாள் நடைப்பயணம் சென்று அதற்காக நிதி திரட்டினர். சிங்களவரும் தமிழரும் சேர்ந்து நடந்தனர். 2016இல் காலியில் உள்ள கராப்பிட்டிய மருத்துவமனைக்காக வடக்கிலிருந்து தெற்கு நோக்கி நடந்தனர். ஆனால் ஒரு சிறப்பு மருத்துவரை உருவாக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆகும். உருவானவரும் இலண்டனுக்கோ மெல்பர்னுக்கோ போய்விட்டால்?

மலேரியா ஒழிப்பு மட்டும் வியப்புக்குரிய விதிவிலக்கு. 1999இல் இலங்கையில் 264,000 பேருக்கு மேல் மலேரியா கண்டது. போர் நடந்த மாவட்டங்களே மிகவும் பாதிக்கப்பட்டன. எனினும் மருந்து தெளிப்பும் கொசுவலையும் இரு தரப்புப் பகுதிகளுக்கும் சென்றன. கொசுவுக்கு எல்லைக்கோடு தெரியாது என்பதை இரு தரப்பும் உணர்ந்திருந்தன போலும்! 2012 அக்டோபருக்குப் பின் 2016 வரை உள்நாட்டில் தொற்றியவர் எவருமில்லை. 2016 செப்டம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது.

கண்ணுக்குத் தெரியாத காயத்தை ஆற்றுவதே பெரும்பாடு. மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றோர், மருத்துவர் எண்ணிக்கை போதாதென்று கண்டு, ஆசிரியர்களையும் கிராமத்துப் பணியாளர்களையும் பயிற்றுவித்தனர். 'மனவடு' என்ற சொல்லையே தலைப்பாகக் கொண்டு தமிழில் கைநூலும் வெளிவந்தது. கிறீன் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி என்றே இதைச் சொல்வேன்.

கண்ணிவெடியில் கால் இழந்தோருக்கு யாழ்ப்பாணத்தில் 1987 முதல் ஜெய்ப்பூர் செயற்கைக்கால் செய்து தருகிறார்கள். செயற்கைக்கால் சில ஆண்டுகளில் தேய்ந்துவிடும். சிறுவர்களுக்கோ உடல் வளர வளர மாற்ற வேண்டும். 2009இல் பத்து வயதில் காலை இழந்த ஒரு பிள்ளை, வாழ்நாளெல்லாம் அந்தப் பட்டறைக்குப் போய்வந்துகொண்டே இருக்க வேண்டும்.