பறவைக்கு முன் பிறந்த இறகு

பறவைகள் எவ்வாறு தோன்றின என்று ஆராயப் புகுந்தால், முதலிலேயே ஒரு சிக்கல் எதிர்ப்படுகிறது. பறக்க முழுமையான சிறகு வேண்டும். பரிணாமமோ சிறிது சிறிதாக நிகழ்வது. அப்படியானால், பாதி வளர்ந்த சிறகால் ஒரு விலங்குக்கு என்ன பயன்? பயனற்ற உறுப்பு தலைமுறை தலைமுறையாக எப்படி நிலைத்து வளர முடியும்? டார்வினின் கொள்கையை ஏற்காதவர்கள் அன்று எழுப்பிய கேள்வி இது. நியாயமான கேள்விதான். இதற்கான விடை பாறைகளுக்குள் இருந்தது.

அச்சுக்கல்லில் ஓர் இறகு

ஜெர்மனியின் பவேரியாவில் சோல்ன்ஹோபன் என்னும் ஊர் உள்ளது. அங்கு வெட்டியெடுக்கப்படும் சுண்ணாம்புக்கல் மிக நுண்ணிய துகள்களாலானது. கல்லச்சு முறைக்கு மிகவும் ஏற்றது. இந்தக் கல்லில் 1861-ல் ஒரு தனி இறகின் பதிவு கிடைத்தது. அதே ஆண்டில், இறகுகளோடு கூடிய எலும்புக்கூடு ஒன்றும் வெளிப்பட்டது. டார்வினின் நூல் வெளிவந்து அப்போது இரண்டே ஆண்டுகள்தான் ஆகியிருந்தன!

ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்று பெயரிடப்பட்ட இவ்வுயிர் சுமார் 15 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தது. உருவம் ஏறத்தாழக் காக்கை அளவு. அதற்குப் பறவைக்குரிய இறகுகள் இருந்தன. ஆனால் வாயில் பற்கள்; சிறகில் நகங்களுடன் மூன்று விரல்கள்; பல்லியைப் போல நீண்ட எலும்பு வால். இன்றைய பறவையின் வாலில் நீளமாகத் தெரிவது இறகுகள் மட்டுமே. உள்ளிருக்கும் எலும்பு மிகக் குட்டையானது என்பதை நினைவிற்கொள்க.

இறகு தெரியாவிட்டால்?

ஆர்க்கியாப்டெரிக்ஸின் எலும்புகள் சிறு டைனோசார்களின் எலும்புகளை ஒத்திருப்பதை, தாமஸ் ஹக்ஸ்லி 1860-களின் இறுதியிலேயே எடுத்துக்காட்டினார். இந்த ஒற்றுமை எவ்வளவு நெருக்கமானது என்பதைப் பிற்காலத்தில் ஒரு நிகழ்ச்சி உணர்த்தியது. 1951-ல் பவேரியாவில் ஐக்ஸ்டாட் அருகே கிடைத்த எலும்புக்கூடு ஒன்று, காம்ப்சோனேதஸ் என்ற சிறு டைனோசாராகவே சுமார் இருபது ஆண்டுகள் கருதப்பட்டு வந்தது. மங்கலான இறகுத் தடங்களைக் கவனித்த பிறகே, அது ஆர்க்கியாப்டெரிக்ஸ் என்று 1973-ல் அறிவிக்கப்பட்டது. இறகை நீக்கிவிட்டால் இரண்டையும் பிரித்தறிவதே கடினம் என்பது இதனால் விளங்குகிறதல்லவா?

அமெரிக்க அறிஞர் ஜான் ஆஸ்ட்ராம் 1964-ல் மான்டானாவில் டைனோனிகஸ் என்ற டைனோசாரைக் கண்டெடுத்தார். அதன் மணிக்கட்டில் பிறை வடிவ எலும்பு ஒன்று இருந்தது. பறவை சிறகை மடக்குவதுபோல் கையைப் பக்கவாட்டில் மடக்க அது உதவியது. இத்தகைய ஒற்றுமைகளைக் கொண்டு, பறவைகள் டைனோசார்களின் வழிவந்தவை என்ற கருத்தை அவர் 1970-களில் மீண்டும் வலுவாக நிலைநாட்டினார்.

பறக்காதவற்றின் இறகு

இருப்பினும் பாதிச் சிறகைப் பற்றிய கேள்வி எஞ்சியே நின்றது. விடை சீனாவின் லியாவோனிங் மாநிலத்திலிருந்து வந்தது. எரிமலைச் சாம்பல் படிந்த பழைய ஏரிப் படிவுகளில், மென்மையான உறுப்புகளும் பதிவாகியிருந்தன. 1996-ல் அறிவிக்கப்பட்ட சைனோசாராப்டெரிக்ஸ் என்ற சிறு டைனோசாரின் உடலில் மெல்லிய இழைகள் காணப்பட்டன. 1998-ல் அறிவிக்கப்பட்ட காடிப்டெரிக்ஸுக்கு நடுத்தண்டுடன் கூடிய உண்மையான இறகுகளே இருந்தன. ஆனால் அதன் கைகள் பறப்பதற்குப் போதாத அளவு குட்டையானவை.

இங்கே இறகின் அமைப்பைச் சற்று உற்று நோக்குவோம். பறக்கும் பறவையின் சிறகிறகில் தண்டு நடுவில் இராது; காற்றை எதிர்கொள்ளும் விளிம்பை ஒட்டியிருக்கும். இதனால் இறகு காற்றில் முறுக்கிக்கொள்ளாமல் நிற்கிறது. ஆர்க்கியாப்டெரிக்ஸின் சிறகிறகு இவ்வகையே. காடிப்டெரிக்ஸிலோ தண்டின் இருபுறமும் சமம். அது பறப்பதற்கான இறகன்று.

பிறகு எதற்காக? காற்று வெப்பத்தை அரிதில் கடத்தும் என்று படித்திருப்பீர்கள். உடலை மூடிய இழைகள் தம்மிடையே காற்றைச் சிறைப்படுத்தி, வெப்பம் வெளியேறாமல் காத்திருக்கும். கம்பளிப் போர்வை செய்யும் வேலையும் இதுவே. கைகளிலும் வாலிலும் இருந்த நீண்ட இறகுகள் இணையைக் கவரப் பயன்பட்டிருக்கலாம்.

ஓர் ஐயம் எழலாம். லியாவோனிங்கின் இந்த டைனோசார்கள் சுமார் 12.5 கோடி ஆண்டுப் பழமையானவை, ஆர்க்கியாப்டெரிக்ஸுக்குப் பிந்தியவை. அவை எப்படி முன்னோர் ஆக முடியும்? அவை பறவையின் பாட்டன்கள் அல்ல. பழைய அமைப்பைக் கைவிடாத பங்காளிகள். மேலும், 2009-ல் அறிவிக்கப்பட்ட ஆங்கியார்னிஸ் என்ற இறகுள்ள சிறு டைனோசார் சுமார் 16 கோடி ஆண்டுப் பழமையானது.

ஒவ்வொன்றாக

ஆக, பறவையின் அடையாளங்கள் யாவும் ஒரே நாளில் சேர்ந்து வந்தவையல்ல. முதலில் இழை, பின்பு இறகு, அதன்பின் பறத்தல். கன்பூசியசார்னிஸ் என்ற சீனப் பறவையில் பற்கள் மறைந்து அலகு தோன்றிவிட்டது. ஆனால் சிறகில் நகங்கள் இருந்தன. அமெரிக்காவில் கிடைத்த இக்தியார்னிஸ் நன்கு பறக்கக்கூடியது. ஆயினும் அதற்குப் பற்கள் இருந்தன.

பாதிச் சிறகால் என்ன பயன் என்று கேட்டவர்கள், சிறகு பறப்பதற்கென்றே தோன்றியது என்று எண்ணிக்கொண்டனர். இறகோ முதலில் வேறு வேலைக்கு வந்தது. பறக்கும் வேலை பின்னரே அதற்குக் கிடைத்தது. சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் மற்ற டைனோசார்கள் அழிந்தபோது, தப்பிப் பிழைத்த ஒரே கிளை பறவைகளே.