கணினிப் பணியும் கைக்கெட்டும் தொலைவில் வீடும்

நீண்ட நாள் சிகிச்சையில் இருப்பவரின் குடும்பத்தில் பெரும்பாலும் இரண்டு கவலைகள் சேர்ந்தே வளர்கின்றன. ஒன்று நோயைப் பற்றியது. மற்றொன்று பிள்ளையின் வேலையைப் பற்றியது. ‘என்னால் அவன் வேலை கெட்டுவிடக் கூடாது’ என்று பெற்றோர் நினைக்கின்றனர். ‘வேண்டிய நேரத்தில் அருகில் இல்லையே’ என்று சென்னையிலோ பெங்களூருவிலோ மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றும் மகனோ மகளோ வருந்துகிறார். இருவரும் இதை மனம்விட்டுப் பேசுவது அரிது. அந்தப் பேச்சைத் தொடங்க உதவும் சில செய்திகளை இங்கே தருகிறோம்.

விழுப்புரம், திண்டிவனம் ஆகிய இரண்டு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. படிப்பு வீட்டருகே கிடைத்தாலும், வேலைக்கு வெளியூர் செல்வதே வழக்கமாயிற்று. 2000-ஆம் ஆண்டில் சென்னை தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்ட பின், பழைய மகாபலிபுரம் சாலையெங்கும் நிறுவனங்கள் பெருகின. திண்டிவனத்திலிருந்து சென்னை ஏறத்தாழ 120 கிலோமீட்டர். விழுப்புரத்திலிருந்து ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நாள்தோறும் சென்று திரும்புவது எளிதன்று.

இந்நிலை சிறிது சிறிதாக மாறி வருகிறது. விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு அருகிலுள்ள திருச்சிற்றம்பலத்தில், மாநிலத்தின் முதல் மினி டைடல் பூங்கா 2024 பிப்ரவரி 17 அன்று திறக்கப்பட்டது. சுமார் 31 கோடி ரூபாய் செலவில், 63,000 சதுர அடிப் பரப்பில், ஏறத்தாழ 500 பேர் பணியாற்றும் வகையில் அது கட்டப்பட்டது. அதே ஆண்டில் தஞ்சாவூரிலும் சேலத்திலும் இத்தகைய பூங்காக்கள் திறக்கப்பட்டன. சிற்றூரில் மென்பொருள் உருவாக்க இயலும் என்பதற்குத் தென்காசி அருகே மத்தளம்பாறையில் இயங்கும் ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் முன்னரே சான்றாக இருந்தது. 500 இடங்கள் ஒரு மாவட்டத்துக்குப் போதுமானவை அல்ல. எனினும், ‘கணினி வேலை என்றால் ஊரை விட்டுப் போயே ஆக வேண்டும்’ என்னும் முடிவை மறுபடி எண்ணிப் பார்க்க அது இடம் தருகிறது.

வீட்டருகே வேலை கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், ஆகிவிடாது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் நான்கு மணி நேரம் தேவைப்படுகிறது. பயணமும் காத்திருப்பும் சேர்த்து ஆறு மணி நேரம் என்று கொண்டால், வாரத்துக்குப் பதினெட்டு மணி நேரம். ஒரு வாரத்தில் 168 மணி நேரம் உண்டு. உறக்கத்துக்கு 56, அலுவலகத்துக்கு 48 என்று கழித்தாலும் 64 மணி நேரம் மிஞ்சுகிறது. கணக்குப்படி நேரம் இருக்கிறது; ஆனால் டயாலிசிஸ் வேளையும் அலுவலக வேளையும் ஒரே பகற்பொழுதில் வந்து மோதுகின்றன. ஆகவே எத்தனை மணி நேர வேலை என்பதோடு, எந்த நேரத்து வேலை என்பதையும் கவனிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டிலிருந்தே செய்யும் வேலைக்கும் இது பொருந்தும். அமெரிக்க வாடிக்கையாளருக்காகப் பணிபுரிபவர், நியூயார்க்கில் காலை ஒன்பது மணி ஆகும்போது இங்கே மாலை ஆறரை அல்லது ஏழரை மணிக்குக் கணினி முன் அமர்கிறார். இரவெல்லாம் வேலை, பகலெல்லாம் நோயாளியின் பராமரிப்பு என்றால் உறங்குவது எப்போது? உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரம் 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களை விட, 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்குப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 விழுக்காடு கூடுதல். மாரடைப்பு போன்ற இதயக் குருதிக்குழாய் நோயால் இறக்கும் வாய்ப்பு 17 விழுக்காடு கூடுதல். பராமரிப்பவரே நோயாளியாகிவிட்டால் வீடு தாங்காது.

எனவே, வேலையில் சேரும் முன் சம்பளத்தோடு வேறு சிலவற்றையும் கேட்டறிவது நல்லது. பணி எந்த நேரத்தில் தொடங்கி எப்போது முடியும்? தொடங்கும் நேரத்தை மாற்றிக்கொள்ள இயலுமா? விடுமுறை நாளில் அழைப்புகள் வருமா? நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடு பெற்றோருக்கும் உண்டா? இவற்றைக் கேட்பதில் கூச்சம் வேண்டியதில்லை.

மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து, நிறுவனமும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் வருமாயின், பணியாளரைச் சார்ந்து வாழும் பெற்றோருக்கும் அத்திட்டத்தில் சிகிச்சை உண்டு. பணியாளரே நோயுற்றால், தகுதி விதிகளுக்கு உட்பட்டு, ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு உதவித்தொகையாகக் கிடைக்கும். மகப்பேற்று விடுப்பு முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரம் என 2017-இல் உயர்த்தப்பட்டது.

பொருளுள்ள பணி என்பதும் வெகு தொலைவில் இல்லை. அரவிந்த் கண் மருத்துவமனையின் கிராமப்புறப் பார்வை மையங்களில் பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிக்க, தொலைவிலுள்ள மருத்துவர் கணினி வழியே நோயாளியுடன் பேசி ஆலோசனை தருகிறார். கூலி வேலை செய்பவருக்கு ஒரு நாள் கூலியும் பேருந்துச் செலவும் மிச்சமாகின்றன. அந்த இணைப்புக்குப் பின்னாலும் ஒரு மென்பொருள் பணியாளரின் உழைப்பு உண்டு. மருத்துவமனை வரிசையில் பெற்றோருடன் காத்திருந்த பிள்ளைக்கு, எந்தக் காத்திருப்பைக் குறைக்கலாம் என்பது பிறரைவிட நன்றாகத் தெரியும்.

நோயாளிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மூன்று மாதத்துக்கான சிகிச்சை நாட்களையும் நேரங்களையும் ஒரு தாளில் எழுதிப் பிள்ளைகளிடம் கொடுங்கள். யாராவது உடனிருந்தே ஆக வேண்டிய நாட்களைத் தனியே குறியுங்கள். அவை நீங்கள் எண்ணுவதை விடக் குறைவாகவே இருக்கக்கூடும். டயாலிசிஸ் முறையை அதிகாலைக்கோ மாலைக்கோ மாற்ற இயலுமா என்று செவிலியரிடம் கேளுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு பேசினால், வேலையை விடுவதா வேண்டாமா என்ற பெரிய கேள்வி, வாரத்தில் எந்த இரண்டு காலைப் பொழுதுகள் தேவை என்ற சிறிய கேள்வியாகச் சுருங்கலாம். அதற்கு மேலாளரிடம் விடை கேட்பது எளிது.