பஸ் நின்னா கடகட, கிளம்பினா கப்சிப்... ஜன்னல் கண்ணாடி ஏன் இப்படி ஆடுது?

தட்டாஞ்சாவடி பக்கம் டிராஃபிக்கில் டவுன் பஸ் நிற்கும்போது கவனிச்சிருக்கீங்களா? இன்ஜின் மெதுவாத்தான் ஓடிட்டு இருக்கும். ஆனா ஜன்னல் கண்ணாடி ‘கடகட’ன்னு பேச விடாது. டிரைவர் ஆக்சிலேட்டரை மிதிச்சதும் சத்தம் நின்னுடும். இன்ஜின் வேகம் கூடினால் ஆட்டமும் கூடணும்தானே?

இல்லை. எந்தப் பொருளைத் தட்டிவிட்டாலும் அது வினாடிக்கு இத்தனை முறை என்று தனக்கே உரிய கணக்கில்தான் அதிரும். அதுதான் அதன் இயல்பு அதிர்வெண். வெளியில் இருந்து வரும் அதிர்வும் அதே கணக்கில் அமைந்தால், ஒவ்வொரு தள்ளலும் முந்தைய ஆட்டத்தோடு சேர்ந்துகொண்டே போகும். பெயர், ஒத்ததிர்வு. ஊஞ்சலில் குழந்தையை நேரம் பார்த்துத் தள்ளுறோமே, அதே கதைதான். பலம் குறைவாக இருந்தாலும் போதும், நேரம் சரியா இருக்கணும்.

வாஷிங் மெஷின் சுற்றி முடித்து நிற்கப்போகும்போது, நடுவில் ஒரு வேகத்தில் மட்டும் குதிக்குமே, அதுவும் இதுதான். ஒரே சுருதியில் இருக்கும் 2 தந்திகளில் ஒன்றை மீட்டினால், தொடாத மற்றொன்றும் மெல்ல ஒலிப்பதும் இதனால்தான். ஒலி காற்று வழியாகவும், வாத்தியத்தின் உடல் வழியாகவும் போய் அதைத் தள்ளுது.

பாலத்தில் நடந்தால்?

புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காலம். 1850 ஏப்ரல் 16. பிரான்சின் ஆன்ஜே நகரில், மேன் நதி மீதிருந்த தொங்கு பாலத்தில் ராணுவ வீரர்கள் நடந்து வந்தார்கள். பலத்த காற்று. பாலம் ஆட, விழாமல் இருக்க எல்லாரும் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து அடி வைக்க, ஆட்டம் இன்னும் கூடியது. பாலம் அறுந்து 200-க்கும் மேற்பட்டோர் பலி. ஒத்ததிர்வை மட்டும் குறை சொல்லவும் முடியாது, பாலத்தைத் தாங்கிய கம்பிகளும் துருப்பிடித்திருந்தன.

150 வருஷம் கழிச்சு, 2000 ஜூன் 10-ல் லண்டனில் திறந்த மில்லினியம் பாலமும் மக்கள் நடக்க நடக்க பக்கவாட்டில் ஆடியது. யாருக்கும் ஆபத்து இல்லை. 2 நாளில் மூடினார்கள். ஆட்டத்தை உறிஞ்சும் கருவிகளைப் பொருத்தி 2002-ல்தான் மறுபடி திறந்தார்கள்.

நம்ம பஸ்ஸில் அந்த வேலையை ஒரு டிக்கெட்டே செய்யுது. மடிச்சு கண்ணாடி இடுக்கில் செருகிப் பாருங்க. கண்ணாடி ஆடும் கணக்கு மாறிடும், மிச்ச ஆட்டத்தைக் காகிதம் வாங்கிக்கும். செக்கர் ஏறினா மட்டும் எடுத்துக் காட்டிடுங்க.