திருப்பயணம் போகிறவரும் வீட்டில் இருப்பவரும்



ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் டேனரிகளிலும் ஷூ கம்பெனிகளிலும் நம்மோடு வேலை செய்யும் இஸ்லாமியச் சகோதரர்கள் ஹஜ்ஜுக்குப் புறப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். பெட்டி கட்டுவதற்கு முன்பே அவர்கள் ஊசி போட்டுக்கொள்கிறார்கள். மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கும் மெனிஞ்சைட்டிஸ் நோய்க்கான தடுப்பூசி அது. சவூதி அரசு அதைக் கட்டாயமாக்கி இருக்கிறது. பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? 2000-ஆம் ஆண்டு ஹஜ் முடிந்து மக்கள் தம் தம் நாடுகளுக்குத் திரும்பிய பிறகு, பல நாடுகளில் இந்த நோய் பரவியது. நோயுற்றவர்களில் பலர் மக்காவுக்குப் போகவே இல்லை. போய் வந்தவர்களின் வீட்டார் அவர்கள். இந்தக் கிருமி நலமாக இருப்பவரின் தொண்டையில்கூடச் சத்தமில்லாமல் தங்கும். இருமலிலும் எச்சிலிலும் அடுத்தவருக்குப் போகும். போனவர் நலமாகத் திரும்பினார். அவர் வாரி அணைத்த பிள்ளை படுத்துவிட்டது. அதுவரை போட்டுவந்த ஊசி அந்த வகைக் கிருமியைத் தடுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் நான்கு வகைகளைத் தடுக்கும் ஊசி கட்டாயமாயிற்று.

இது அவர்களுடைய கதை மட்டும் அல்ல. 2016-இல் போலந்து நாட்டின் கிராக்கோவ் நகரில் நடந்த உலக இளையோர் நாளுக்குச் சென்ற உரோமை நகரத்து இளம்பெண் ஒருவர், திரும்பும் வழியில் வியன்னாவில் இதே நோயால் இறந்தார். உடன் சென்ற இளைஞர்களுக்குத் தடுப்பு மருந்து கொடுக்க வேண்டியதாயிற்று.

அடுத்த உலக இளையோர் நாள் 2027 ஆகஸ்ட் 3 முதல் 8 வரை தென்கொரியாவின் சியோலில். போக நினைக்கும் பிள்ளைகளே, விசாவுக்கு அலையும்போதே மருத்துவரையும் பார்த்து, எந்தெந்த ஊசி தேவை என்று கேளுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் ஊசி வேலை செய்ய நாள் இருக்காது.

கொரியா என்றதும் குளிர் நாடு என்று ஸ்வெட்டர் எடுத்து வைப்பீர்கள். ஆகஸ்டில் அங்கே புழுங்கும் வெயில். 2023 ஆகஸ்டில் அங்கு நடந்த உலக சாரணர் முகாமில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் வெப்பத்தால் நோயுற்றார்கள். பிரிட்டன், அமெரிக்க அணிகள் முகாமைப் பாதியிலேயே விட்டு வெளியேறின. 2024 ஹஜ்ஜின்போது மக்காவில் வெப்பம் 51.8 டிகிரியைத் தொட்டது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. பெரும்பாலோர் அனுமதி பெறாமல் வந்து, ஒதுங்க நிழலின்றி நெடுந்தூரம் நடந்தவர்கள். ஏலகிரியின் காற்றுக்குப் பழகிய உடம்புக்கு ஜோலார்பேட்டையில் இறங்கினாலே வியர்க்கிறது! வெயிலுக்கு உடம்பு பழக ஒன்றிரண்டு வாரம் வேண்டும். போகுமுன் தினமும் கொஞ்சம் வெயிலில் நடந்து பழகுங்கள்.

பன்னிரண்டு வயதுச் சிறுவன் இயேசு எருசலேம் திருவிழாவில் காணாமற்போனதை லூக்கா எழுதுகிறார். பயணக் கூட்டத்தில் உறவினரோடு இருப்பான் என்று எண்ணிப் பெற்றோர் ஒரு நாள் தூரம் நடந்துவிட்டார்கள். சூசையும் மரியாவும் கவலையற்றவர்களா? இல்லை. கூட்டம் அப்படி நினைக்க வைக்கும். வெப்பத் தாக்கிலும் இதுதான் ஆபத்து. தாக்கப்பட்டவருக்கே அது தெரியாது. புத்தி தடுமாறும், பேச்சு குழறும், உடம்பு அனலாய்க் கொதிக்கும். பக்கத்தில் இருப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஆகவே இருவர் இருவராகச் சேர்ந்துகொள்ளுங்கள். தடுமாறுகிறவரை நிழலில் கிடத்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். உதவிக்கு ஆள் அனுப்புங்கள். நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

செருப்பைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்வதா! ஷூ தைக்கும் கைகள் நம் வீடுகளில்தான் இருக்கின்றன. புதுச் செருப்பு கடிக்கும் என்று தெரிந்தும், பயணத்துக்கென்று புதிது வாங்கிப் பெட்டியில் வைப்போம். குறைந்தது இரண்டு வாரம் போட்டு நடந்துவிட்டு எடுத்துச் செல்லுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்குப் பாதத்தில் கொப்புளம் வந்தாலும் வலி தெரியாமல் போகலாம். இரவில் உள்ளங்காலைப் பார்த்துவிட்டுப் படுங்கள். இன்சுலினும் மாத்திரைகளும் கைப்பையில், மருத்துவர் சீட்டோடு இருக்கட்டும். பெரிய பெட்டி வேறு ஊருக்குப் போய்விடுவது உண்டு.

கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குப் போகிறவர்கள் குடிதண்ணீரைக் கையோடு கொண்டு செல்லுங்கள். ஒரே பாட்டிலை நாலு பேர் வாய் வைத்துக் குடிப்பது அன்பின் அடையாளமாகத் தோன்றலாம். கிருமிக்கும் அது பிடிக்கும்.

திரும்பி வந்ததும் இருமலோ காய்ச்சலோ இருந்தால், பாட்டிக்கும் கைக்குழந்தைக்கும் கொண்டுவந்த செபமாலையை வேறொருவர் கையில் கொடுத்தனுப்புங்கள். மருத்துவரிடம் போனால் எந்த நாட்டுக்குப் போனீர்கள், என்று திரும்பினீர்கள் என்பதை, அவர் கேட்காவிட்டாலும், முதலில் சொல்லுங்கள்.