குழந்தைக்கு ஸ்ட்ரோலர் வாங்கப் போறீங்களா? முதல்ல இந்த 5 விஷயத்தை செக் பண்ணுங்க!

ஆஃபரைப் பார்த்ததும் ஆர்டர் போட்டுடாதீங்க. மாலில் வழுக்கிக்கொண்டு ஓடும் ஸ்ட்ரோலர், குடவாசல் மாதிரி ஊர்த் தெருக்களில் அப்படி ஓடாது. எதைப் பார்த்து வாங்கணும்?

1. வயசு: கழுத்து நிற்காத குழந்தையை உட்காரவைத்தால் தலை முன்னால் சாய்ந்து மூச்சு தடைபடலாம். சுமார் 6 மாதம் வரை, மட்டமாகப் படுக்கவைக்கும் வண்டிதான் பாதுகாப்பு.

2. சக்கரம்: சின்ன பிளாஸ்டிக் சக்கரம் குண்டு குழியில் சிக்கும். பெரிய சக்கரமே நல்லது.

3. மடக்குவது: கும்பகோணத்துக்கோ திருவாரூருக்கோ பஸ் ஏறும்போது, இடுப்பில் குழந்தையோடு ஒரே கையால் மடக்க முடியணும். கடையிலேயே மடக்கிப் பாருங்க.

4. பெல்ட், பிரேக்: தோள், இடுப்பு, தொடையிடுக்கு மூன்றையும் பிடிக்கும் 5 பாயின்ட் பெல்ட் அவசியம். நிறுத்தினாலே பிரேக் போடுங்க. கைப்பிடியில் கனமான பை மாட்டினால் வண்டி பின்னால் கவிழும்.

5. வெயில்: துணியால் மூடாதீங்க. காற்றோட்டம் நின்று உள்ளே சூடு ஏறும், குழந்தைக்கு ஆபத்து.

கட்டாயம் வாங்கணுமா? கோணேஸ்வரர் கோயில் மாடக்கோயில். படியேற குழந்தையைத் தூக்கித்தான் ஆகணும். உங்க போக்குவரத்து பெரும்பாலும் படியும் பஸ்ஸும்தான் என்றால், இடுப்பே போதும். காசு மிச்சம்!