முகாமைத்துவ உதவியாளரின் சம்பளம் யார் கணக்கில்?

இலங்கையின் அரச அலுவலகங்களில் இருக்கும் முகாமைத்துவ உதவியாளர், அபிவிருத்தி உத்தியோகத்தர், மொழிபெயர்ப்பாளர், சாரதி ஆகியோரிற் பெரும்பாலோர் தாம் வேலை செய்யும் திணைக்களத்துக்கென்று ஆட்சேர்க்கப்பட்டவர்கள் அல்லர். அவர்கள் நாடு முழுவதற்கும் பொதுவான ‘இணைந்த சேவைகளை’ச் சேர்ந்தவர்கள். அவர்களின் நியமனம், இடமாற்றம், பதவி உயர்வு முதலிய வேலைகளைக் கொழும்பு 7, சுதந்திர சதுக்கத்திலுள்ள பொது நிருவாக அமைச்சின் கீழ் இயங்கும் இணைந்த சேவைகள் பணிப்பாளர் நாயகத்தின் அலுவலகம் கவனிக்கிறது.

அந்த அலுவலகம் இதற்காகத் திணைக்களங்களிடம் பணம் அறவிடுவதில்லை. செலவு வேறு விதமாகப் பிரிகிறது. ஆளை வைத்திருக்கும் இடம் சம்பளத்தைக் கொடுக்கிறது. பொதுவான வேலைகளின் செலவு அவற்றைச் செய்யும் நிறுவனத்தின் ஒதுக்கீட்டிலேயே விழுகிறது.

உதாரணமாக, வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது. கொட்டாஞ்சேனை, கொழும்பு பிரதேச செயலகத்துக்கு உட்பட்டது. இவ்விரண்டு செயலகங்களின் ஊழியர் சம்பளமும் வரவு செலவுத் திட்டத்தில் கொழும்பு மாவட்டச் செயலகத்துக்குரிய 255ஆம் தலைப்பில் எழுதப்படுகிறது. அங்குள்ள முகாமைத்துவ உதவியாளர் ஒருவர் பதிவாளர் நாயகம் திணைக்களத்துக்கு மாறிப் போனால், அவரது சம்பளம் 254ஆம் தலைப்புக்குப் போய்விடும். ஓய்வுபெற்றபின் அவருக்குப் பணம் வருவது 253ஆம் தலைப்பிலிருந்து. அது மாளிகாவத்தை ஓய்வூதியத் திணைக்களத்துடையது. கடைசியாக எங்கே வேலை செய்தாரோ, அந்த அலுவலகத்துக்கு ஓய்வூதியச் சுமை இல்லை. பொதுவான வேலைகளில் ஒன்றான ஆட்சேர்ப்புப் போட்டிப் பரீட்சையை நடத்துவது பரீட்சைத் திணைக்களம்.

கூட்டுத்தாபனங்கள், நியதிச்சட்டச் சபைகளின் கணக்கு வேறு. அவற்றின் சொந்த ஊழியருக்குப் பொதுவாக அரச ஓய்வூதியம் கிடையாது. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி ஊழியர் சேமலாப நிதிக்கு நிறுவனம் குறைந்தது 12 வீதமும் ஊழியர் 8 வீதமும் செலுத்த வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு நிறுவனம் மட்டும் 3 வீதம் கட்டுகிறது. ஓய்வூதிய உரித்துள்ள அரச உத்தியோகத்தர் ஒருவரை இத்தகைய நிறுவனத்துக்கு விடுவித்தால், அவரது ஓய்வூதியத்துக்கான பங்களிப்பை அந்நிறுவனம் ஓய்வூதியத் திணைக்களத்துக்குச் செலுத்த வேண்டும். உண்மையான செலவுப் பகிர்வு என்று சொல்லத்தக்கது இதுவே. பயிற்சியிலும் இதன் சாயல் உண்டு: இலங்கை அபிவிருத்தி நிருவாக நிறுவகம் பல பாடநெறிகளுக்குக் கட்டணம் அறவிடுகிறது.

அமெரிக்காவில் இந்த வழி இன்னும் விரிவானது. அங்கே மத்திய ஆளணி அலுவலகம் பயிற்சி, ஆட்சேர்ப்பு உதவி போன்றவற்றுக்குக் கட்டணம் வாங்கி, ஒரு சுழல்நிதி மூலம் அவற்றை நடத்துகிறது. எந்தச் சேவை எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் யோசித்தே கேட்க வேண்டியிருக்கிறது.

இலங்கைத் திணைக்களத்துக்கு அப்படிக் கட்டணப் பட்டியல் எதுவும் வருவதில்லை. புதிய ஊழியர் ஒருவரைக் கேட்கும்போது அதன் கண்ணில் படுவது சம்பளம் மட்டுமே. பிற்கால ஓய்வூதியம் வேறொருவர் கணக்கு. அதனால் கடிவாளம் திறைசேரியின் கையில் இருக்கிறது: அதன் முகாமைத்துவ சேவைகள் திணைக்களம் அனுமதிக்காமல் புதிய பதவி எதையும் உருவாக்க முடியாது.