மாயமா, மையலா?

நாமக்கல் ஜில்லாவின் சமவெளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் 70 கொண்டையூசி வளைவுகள் இருக்கின்றன. அம்மலையின் பழங்கதையில் உள்ளது ஒரே வளைவுதான்; ஆனால் அங்கேதான் ரஸிகர்கள் இரு கட்சியாகப் பிரிகிறார்கள்.

மலையைக் காப்பதற்காகத் தெய்வம் அமைத்த பெண்ணுருவம் கொல்லிப்பாவை. அந்நியர் அணுகினால் அது புன்னகை பூக்கும். அப்புன்னகையில் மயங்கி நெருங்கியவர்களின் உயிரை வாங்கிவிடும். சங்கப் புலவர்களுக்கோ அதே பாவை, தலைவியின் அழகுக்கு ஏற்ற உவமை. பாவை ஒன்றுதான், ஒருவர் அதில் மாயத்தைக் காண்கிறார், மற்றொருவர் மையலைக் காண்கிறார்.

நம் நாவல்கள் பெரும்பாலும் இரண்டாவது வழியே சென்றன. அதில் குறை சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஆயினும், "பூதமும் வேதாளமும் வரட்டும், காதலர்கள் பெருமூச்சு விடும் அத்தியாயங்கள் மட்டும் வேண்டாம்" என்று சொல்லும் வயது வந்த ரஸிகர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். 'இன்னும் குழந்தைப் புத்தி போகவில்லையே!' என்று அவர்களைப் பரிகசிப்பது நியாயமாகாது. மாயக்கதை என்பது பயத்தையும் நீதியையும் மரணத்தையும் பற்றி மனிதன் கேட்கும் கேள்விகளுக்குக் கற்பனை சொல்லும் விடையல்லவா?

அச்சுப் புஸ்தகம் படிப்பவருக்கு இதில் பெரிய சிரமம் இல்லை. கடையிலே நின்று நாலு பக்கம் புரட்டினால் கதையின் போக்குத் தெரிந்துவிடும். பிடிக்காத பக்கத்தைத் தள்ளிவிடலாம். கண்பார்வை இல்லாதவருக்கும், முதுமையில் பார்வை மங்கியவருக்கும் அந்தச் சுதந்திரம் இல்லை. பிறர் எதைத் தேர்ந்தெடுத்துப் பதிவு செய்கிறார்களோ அதுதான் அவர்கள் காதுக்கு எட்டும். பாடநூலும் பக்தி நூலும் அவர்களுக்குப் போதும் என்று நாம் தீர்மானித்துவிட்டால், அவர்களுடைய ரஸனைக்கு நாமே தாழ்ப்பாள் போட்டவர்கள் ஆவோம்.

கேட்கும் நூல் என்பது நேற்று முளைத்த விஷயமன்று. 1877ல் பேசும் இயந்திரத்தை உருவாக்கிய எடிசன், அதன் பயன்களில் ஒன்றாகப் பார்வையற்றோருக்கான புஸ்தகங்களை மறுவருஷமே குறிப்பிட்டார். 1935ல் இங்கிலாந்தில் பார்வையற்றோருக்கென்று இசைத்தட்டில் நூல்கள் வெளிவந்தபோது, முதலில் வந்தவற்றுள் ஒன்று அகதா கிறிஸ்டியின் துப்பறியும் கதை! பொழுதுபோக்கும் ஓர் உரிமை என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

இனி, தேர்ந்தெடுக்கும் வழியைப் பார்ப்போம். முதலாவது, மேலட்டையை நம்பக் கூடாது. சீவக சிந்தாமணியின் ஆரம்பத்திலேயே அரசி விசயை மயிற்பொறியில் ஏறி வானத்தில் பறக்கிறாள். ஆகா, மாயக்கதை என்று உட்கார்ந்தால், பிறகு சீவகன் எண்மரை மணக்கிறான். அந்த நூலுக்கு 'மணநூல்' என்றே ஒரு பெயர் உண்டு! மணிமேகலையின் கதை இதற்கு நேர்மாறானது. அரசகுமாரன் உதயகுமரனின் காதலை அவள் ஏற்கவில்லை. வேற்றுரு எடுக்கவும், ஆகாய மார்க்கமாகச் செல்லவும், பசியைத் தாங்கவும் மந்திரங்களைப் பெறுகிறாள். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபியைக் கொண்டு பசித்தவர்களுக்குச் சோறிடுகிறாள். மையலை விலக்கி மாயத்தை விரும்பும் ரஸிகருக்கு இதைவிட நல்ல ஆரம்பம் வேறில்லை.

இரண்டாவதாக, காதல் இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், அது கதையில் என்ன வேலை செய்கிறது என்றும் கேட்க வேண்டும். வேதாளக் கதைகளில் ஒரு பெண்ணுக்காக மூவர் வழக்காடுவது உண்டு. ஆனால் அங்கே காதல் வெறும் வழக்குப்பொருள். 'யார் பக்கம் நியாயம்?' என்ற கேள்விதான் கதை. மேலும் ஒவ்வொரு கதையும் ஒரு கேள்வியோடு முடிவதால், ஒரு வேளைக்கு ஒன்றாக நிறுத்திக் கேட்பதற்கும் ஸௌகரியம். மேல்நாட்டில் டால்கீன் 1937ல் வெளியிட்ட 'ஹாபிட்' என்ற கதையிலும் குள்ளர்களும் பறக்கும் நாகமும் உண்டு. காதல் மட்டும் இல்லை.

மூன்றாவது, குரல். தமிழிலே ககரத்துக்கு ஓர் எழுத்துத்தான். ஒலியோ இடத்துக்கேற்ப மாறும். வடசொற் பெயர்கள் வரும்போது இயந்திரக் குரல் தடுமாறுவது இதனால்தான். மாயக்கதையில் யக்ஷர், கந்தர்வர், வித்யாதரர் என்று பெயர்கள் மலிந்திருக்கும். ஆகவே பெயர்கள் மிகுந்த ஒரு பகுதியை முதலில் கேட்டுப் பார்ப்பது நலம். தேர்ந்த மனிதர் ஒருவர் படித்ததானால் இந்தக் கவலை குறையும்.

நான்காவது, நூலுக்குள் நடமாடும் வசதி. யார் யாரைச் சபித்தார் என்பது மறந்துபோனால் அச்சுப் புஸ்தகத்தைப் பின்னால் புரட்டலாம். பதிவில் அத்தியாயப் பிரிவு இல்லையானால் கேட்பவர் காட்டில் விடப்பட்டவர்தான். 'டெய்ஸி' என்ற முறையில் அமைத்த நூல்களில் அத்தியாயம் விட்டு அத்தியாயம் தாவவும் அடையாளம் வைக்கவும் முடியும். கொல்லிமலை போன்ற இடங்களில் தொலைபேசி அலை எங்கும் ஒரே சீராய்க் கிடைக்காதாகையால், நூலைக் கருவியிலே இறக்கி வைத்துக்கொள்ள இயலுமா என்பதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

எங்கே கிடைக்கும்? அச்செழுத்தைப் படிக்க இயலாதவர்களுக்காக 2016ல் 'சுகம்ய புஸ்தகாலய' என்ற இணைய நூலகம் நம் நாட்டில் தொடங்கப்பெற்றது. சென்னை அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் பார்வையற்றோருக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. விரும்பிய கதை அங்கே இல்லையென்றால் கேட்டு எழுதுங்கள். கேட்பவர் இல்லாத நூலை யார் பதிவு செய்வார்கள்?

சட்டமும் நம் பக்கம் நிற்கிறது. பதிப்புரிமைச் சட்டத்தில் 2012ல் செய்த திருத்தத்தின்படி, ஊனமுற்றோர் பயன்படுத்தத்தக்க வடிவில் ஒரு நூலை ஆக்கித் தருவது குற்றமாகாது. அவ்வாறு ஆக்கிய நூல்கள் தேச எல்லைகளைக் கடந்து செல்ல வழி செய்யும் மராக்கேஷ் உடன்படிக்கையை 2014ல் முதன்முதலாக உறுதி செய்த நாடும் இந்தியாதான். மணிமேகலை போன்ற பழைய மூலங்களுக்கோ எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

பிறகு என்ன தடை? நன்றாகத் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனையோ வீடுகளில் இருக்கிறார்கள். குரலைப் பிடிக்கும் கருவியும் அநேகமாக ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கிறது. நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்கினால் சில மாதங்களில் ஒரு நூல் முடிந்துவிடும். ஆனால் ஆரம்பிக்குமுன் கேட்கப் போகிறவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: "உங்களுக்கு எந்தக் கதை வேண்டும்?" அவர் வேதாளம் என்றால், வேதாளத்தையே படியுங்கள்.